அம்மா, அப்பா, தங்கை, தங்கை மகன் டர்பனுக்கு வருகிறார்கள்: விசா, சுங்கம், தடுப்பூசி குறித்துச் சில ஐயங்கள்

காவிரிக்கரை (டர்பன்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மூன்று ஆண்டுகளாக டர்பனில் பணி விசாவில் இருக்கிறேன். பிப்ரவரி இறுதியில் எங்களுக்கு முதல் குழந்தை பிறக்க இருப்பதால், கும்பகோணத்திலிருந்து என் பெற்றோரையும், அவர்களுக்குத் துணையாக என் தங்கையையும், அவளுடைய ஐந்து வயது மகனையும் ஜனவரி நடுவில் இங்கு வரவழைக்க விரும்புகிறேன். தைப்பூசக் காவடியையும் அவர்கள் பார்த்துவிடலாம் என்பது ஒரு மகிழ்ச்சி. பெற்றோர் ஏப்ரல் தொடக்கம் வரை, அதாவது ஏறக்குறைய 80 நாட்கள் இருப்பார்கள். தங்கையும் பையனும் மூன்று வாரத்தில் திரும்பிவிடுவார்கள். தங்கையின் கணவர் கத்தாரில் வேலை செய்கிறார். அவரால் வர இயலாது.

அப்பாவுக்கு வயது 68, அம்மாவுக்கு 63. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். மும்பையிலிருந்து அடிஸ் அபாபா வழியாக ஜோகன்னஸ்பர்க் வரும் டிக்கெட் மற்றவற்றைவிட மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அடிஸ் அபாபாவில் 14 மணி நேரம் காத்திருக்க வேண்டும், இரவில் விமான நிறுவனமே விடுதியில் தங்க வைக்கும் என்கிறார்கள். துபாய் வழியாக நேரே டர்பனுக்கு வரும் டிக்கெட் விலை கூடுதல். எதை வாங்குவது என்று இந்த வாரம் முடிவு செய்ய வேண்டும்.

அம்மா இப்போதே பிரசவ மருந்துச் சாமான், வீட்டில் உருக்கிய நெய், செக்கு நல்லெண்ணெய், கொல்லையில் பறித்த கறிவேப்பிலை, கசகசா, குழந்தைக்குத் தங்கக் காப்பு என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். இவற்றில் எதைக் கொண்டுவரலாம், எதைக் கொண்டுவரக் கூடாது? விசாவுக்குத் தங்கை மகன் தொடர்பாக என்னென்ன ஆவணங்கள் தேவை? இங்குள்ள நம்மவர்கள் வழி சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பழையவன் (ஜோகன்னஸ்பர்க்) எழுதியது:

தம்பி, முதலில் வாழ்த்துகள். என் மாமனார், மாமியார், மைத்துனி என்று நான் நான்கு முறை விசா எடுத்து அழைத்து வந்திருக்கிறேன். விசாவைப் பொறுத்தவரை நான் அறிந்ததைச் சொல்கிறேன்.

இந்தியச் சாதாரணக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குத் தென்னாப்பிரிக்காவில் வந்திறங்கியதும் விசா தரும் ஏற்பாடு கிடையாது. புறப்படும் முன்பே வருகையாளர் விசா எடுத்தாக வேண்டும். சென்னையில் உள்ள வி.எஃப்.எஸ். (தூதரகத்துக்காக விசா விண்ணப்பங்களைப் பெறும் நிறுவனம்) மையத்தில் விண்ணப்பம் கொடுக்கலாம், முடிவெடுப்பது தூதரகம். குழுச் சுற்றுலாவாக வருகிறவர்களுக்கு 2025ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து பதிவுபெற்ற சுற்றுலா முகவர்கள் வழியாக ஒரு தனித் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் உறவினர் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அது பொருந்தாது. உங்கள் குடும்பம் வழக்கமான டி.எச்.ஏ.-84 படிவத்தையே நிரப்ப வேண்டும். கடவுச்சீட்டு, திரும்பும் நாளுக்குப் பின் குறைந்தது 30 நாட்கள் செல்லுபடியாக வேண்டும்; விசா ஒட்டவும் முத்திரை குத்தவும் இரண்டு பக்கங்களாவது வெறுமையாக இருக்க வேண்டும். நீங்கள் எழுதும் அழைப்புக் கடிதத்துடன் உங்கள் பணி விசாவின் நகலையும் வீட்டு முகவரிச் சான்றையும் இணையுங்கள். அப்பாவின் ஓய்வூதியக் கணக்கின் அண்மைய மூன்று மாத வங்கி அறிக்கையையும் வையுங்கள். செலவை நீங்கள் ஏற்பதாக எழுதினால் உங்கள் வங்கி அறிக்கையும் வேண்டும். அழைப்புக் கடிதத்தில் "என் மனைவியின் பிரசவத்துக்கு உதவ வருகிறார்கள்" என்பதை மறைக்காமல் எழுதுங்கள். 80 நாட்கள் தங்குவதற்கு அதைவிடத் தெளிவான காரணம் இல்லை; வெறுமனே சுற்றிப் பார்க்க என்று எழுதினால், இவ்வளவு நாள் எதற்கு என்ற கேள்வி எழும்.

இனி உங்கள் தங்கை மகனைப் பற்றி. 2015 ஜூன் 1 முதல், 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பயணத்துக்கு இந்த நாடு கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. பிள்ளைக் கடத்தலைத் தடுப்பதே நோக்கம். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு 2019க்குப் பின் இது ஓரளவு தளர்ந்தது என்றாலும், விசா தேவைப்படும் நாட்டவருக்கு விண்ணப்ப நேரத்திலேயே அந்த ஆவணங்களைக் கேட்கிறார்கள். தாய், தந்தை இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ் ஒன்று. உடன் வராத தந்தை, "என் மகன் தன் தாயுடன் இன்ன நாளிலிருந்து இன்ன நாள் வரை தென்னாப்பிரிக்கா செல்ல எனக்குச் சம்மதம்" என்று கையெழுத்திட்டுத் தரும் பிரமாணப் பத்திரம் ஒன்று. அவருடைய கடவுச்சீட்டின் நகல் ஒன்று. தந்தை கத்தாரில் இருப்பதால் அந்தப் பத்திரத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பச் சொல்லுங்கள்; இதற்கே இரண்டு மூன்று வாரம் ஓடிவிடும்.

பிறப்புச் சான்றிதழை இன்றைக்கே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். என் மைத்துனி மகளுடையதில் பெயர் என்ற இடத்தில் ஒரு சிறு கோடு மட்டுமே இருந்தது. நம் ஊரில் குழந்தை பிறந்ததும் பதிவு செய்துவிட்டு, பெயர் சூட்டிய பிறகு அதைச் சேர்க்க மறந்துவிடுவது சாதாரணமாக நடப்பதுதான். நகராட்சிக்குப் போய்ப் பெயரைச் சேர்த்து, புதிய சான்றிதழ் வாங்கி, அதன் பின்னரே விண்ணப்பிக்க முடிந்தது. தாயின் பெயருக்கு முன்னால் நிற்கும் முதலெழுத்து கடவுச்சீட்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். விசா அதிகாரிக்கு நம் முதலெழுத்து வழக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது.

சான்றிதழ், பத்திரம் இரண்டின் அசலையும் விசா கிடைத்த பிறகு பெட்டிக்குள் போடாமல் தங்கையின் கைப்பையிலேயே வைத்திருக்கட்டும். குடிவரவு மேசையில் கேட்காமலும் போகலாம். ஆனால் தாயும் பிள்ளையும் மட்டும் பயணம் செய்யும்போது அவை கையில் இருப்பதே நிம்மதி.

ஒரு தாதி (பீட்டர்மரிட்ஸ்பர்க்) எழுதியது:

அண்ணன் விசாவைப் பற்றி நன்றாகச் சொல்லிவிட்டார். நான் உடல்நலம் பற்றி மட்டும் எழுதுகிறேன். தயவுசெய்து அந்த அடிஸ் அபாபா டிக்கெட்டை வாங்குமுன் இதைப் படியுங்கள்.

இந்தியாவிலிருந்து நேராகவோ துபாய் வழியாகவோ வருகிறவர்களுக்குத் தென்னாப்பிரிக்கா எந்தத் தடுப்பூசிச் சான்றிதழையும் கேட்பதில்லை. ஆனால் மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள நாட்டிலிருந்து வந்தாலோ, அப்படிப்பட்ட நாட்டின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்கி வந்தாலோ, ஒரு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் காட்ட வேண்டும். எத்தியோப்பியாவும் கென்யாவும் அந்தப் பட்டியலில் உள்ளவை. உங்கள் குடும்பம் 14 மணி நேரம் தங்குகிறது. அதிலும் விமான நிலையத்தை விட்டு வெளியே விடுதிக்குச் செல்கிறது. ஆகவே நால்வருக்கும், ஐந்து வயதுப் பையன் உட்பட, சான்றிதழ் கட்டாயமாகிவிடும். இல்லாவிட்டால் மும்பையிலேயே விமானத்தில் ஏற்ற மறுக்கலாம்; இங்கு வந்து இறங்கினால் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பலாம். திரும்பும்போது இந்தியாவும் இதே கேள்வியைக் கேட்கும்: அபாயமுள்ள நாட்டில் இருந்துவிட்டு ஆறு நாட்களுக்குள் சான்றிதழ் இல்லாமல் வந்திறங்குகிறவரைத் தனிமைப்படுத்தும் உரிமை அங்குள்ள அதிகாரிகளுக்கு உண்டு.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. ஆனால் அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு இரண்டு நாடுகளிலும் உண்டு. நோய்க் கிருமியைச் சுமந்து ஒருவர் வந்து இறங்கினாலே போதும், நோய் வேரூன்றிவிடக்கூடும் என்ற அச்சம் நியாயமானது. அந்தத் தடுப்பூசியை உருவாக்கி 1951இல் நோபல் பரிசு பெற்ற மாக்ஸ் தெய்லர் இதே நாட்டில், பிரிட்டோரியாவில் பிறந்தவர் என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது.

அப்படியானால் ஊசி போட்டுவிட்டால் போயிற்று என்று நினைக்க வேண்டாம். இது உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட கிருமியால் செய்யப்பட்ட தடுப்பூசி. 60 வயதைத் தாண்டியவர்கள் முதன்முறையாகப் போட்டுக்கொள்ளும்போது, அரிதாகவே என்றாலும், கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு இளையவர்களைவிடக் கூடுதல். உங்கள் பெற்றோர் இருவரும் 60ஐத் தாண்டியவர்கள். வேறு வழியில்லாத பயணம் என்றால் மருத்துவர் எடைபோட்டுப் பார்த்து ஊசியோ விலக்குக் கடிதமோ தருவார்; ஆனால் சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக அவர்களை இதற்கு உட்படுத்துவதை என் மனம் ஒப்பவில்லை. துபாய் வழியாகவே அழைத்து வாருங்கள்.

வேறு யாரேனும் அந்த வழியாக வரத்தான் வேண்டும் என்றால், சென்னையில் கிண்டி கிங் நிலையம் போன்ற அரசு அங்கீகாரம் பெற்ற மையத்தில் மட்டுமே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மற்ற இடங்களில் தரும் சான்று செல்லாது. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லுபடியாகும். 2016 ஜூலைக்குப் பின் அது வாழ்நாள் முழுதும் செல்லும். பழைய மஞ்சள் அட்டையில் பத்து ஆண்டுக் கெடு எழுதியிருந்தாலும் மீண்டும் போட வேண்டியதில்லை.

மலேரியா பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். டர்பனில் மலேரியா இல்லை. லிம்போப்போ, இம்புமலாங்கா மாநிலங்களின் தாழ்நிலப் பகுதிகளிலும், அதாவது குரூகர் வனவிலங்குப் பூங்கா உள்ள பக்கத்திலும், நம் குவாசூலு-நட்டாலின் வடகிழக்கு மூலையில் மொசாம்பிக் எல்லையை ஒட்டியும் உண்டு. செப்டம்பர் முதல் மே வரை அதன் பருவம். உங்கள் வீட்டார் வரும் ஜனவரி அதன் நடுவில் விழுகிறது. கர்ப்பிணிக்கும் சிறு பிள்ளைக்கும் மலேரியா மிக மோசமாகத் தாக்கும். ஆகவே உங்கள் மனைவி இருக்கும் நிலையில் குரூகர் பயணத்தை அடுத்த முறைக்குத் தள்ளிவையுங்கள். விருந்தினருக்கு மலை காட்ட வேண்டும் என்றால் டிராக்கன்ஸ்பர்க் இருக்கிறது. அங்கு மலேரியா இல்லை.

அம்மாவின் மருந்துகள்: பயணி தன் சொந்தப் பயன்பாட்டுக்கு ஒரு மாத அளவு மருந்தை, மருத்துவரின் சீட்டுடன் கொண்டுவரலாம். அவர் 80 நாட்கள் தங்குவதால் மீதிக்கு இங்குள்ள மருத்துவரைப் பார்த்துச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மருந்தின் வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், ஊர் மருத்துவரிடம் மூலப்பெயரையும் அளவையும் ஆங்கிலத்தில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது. விமானத்தின் அடிப்பகுதியில் குளிரில் உறைந்துபோனால் அது பயன்படாது. கைப்பையில், மருத்துவச் சீட்டோடு வரட்டும்.

சாட்ஸ்வொர்த்காரி எழுதியது:

தம்பி, நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். எங்கள் முன்னோர் 1860க்குப் பின் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி நட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்கள். கோயில் மாலை வகுப்பில் கற்ற தமிழ் என்னுடையது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவின் பட்டியலைப் படித்ததும் என் ஆயா நினைவு வந்தது. ஆயினும் அந்தப் பட்டியலில் பாதியை அவர் ஊரிலேயே விட்டுவர வேண்டியிருக்கும்.

இந்த நாட்டின் சுங்க விதிப்படி, செடி, விதை, பழம், பூ, தேன், தாவர எண்ணெய், பால் பொருள், வெண்ணெய், முட்டை, இறைச்சி ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள். முன்கூட்டி அனுமதிச் சீட்டு வாங்காமல் கொண்டுவரக் கூடாது. வீட்டில் உருக்கிய நெய்யும் செக்கு எண்ணெயும் இதற்குள் அடங்கிவிடுகின்றன. முத்திரையிட்ட கடைச் சரக்கே ஆனாலும் அறிவிக்க வேண்டும். அதிகாரி எடுத்து வைத்துக்கொண்டால் வருத்தப்படாமல் கொடுத்துவிட வேண்டும். அறிவிக்காமல் பிடிபட்டால் பொருளோடு போகாது, தண்டமும் சேரும்.

கறிவேப்பிலையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "நாலு கொத்து இலையில் என்ன இருக்கிறது" என்று எல்லோரும் கேட்கிறார்கள். கறிவேப்பிலை எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியாவில் அதன் தளிர்களில் சாறு உறிஞ்சும் ஒரு சிறு பூச்சி உண்டு; மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும், அதன் முட்டை எளிதில் கண்ணில் படாது. அது எலுமிச்சை இன மரங்களுக்கு ஒரு நோயைக் கடத்துகிறது. நோய் கண்ட மரத்தில் பழம் பழுக்காமல் பச்சையாகவே நின்று கசக்கும்; சில ஆண்டுகளில் மரமே பட்டுப்போகும். மருந்து கிடையாது, வெட்டி எறிவதுதான் வழி. அந்த ஆசியப் பூச்சி கென்யா, தான்சானியா வரை வந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவுக்குள் இன்னும் வரவில்லை. உலகுக்கு ஆரஞ்சு ஏற்றுமதி செய்வதில் முன்னணியில் நிற்கும் நாடு இது. லிம்போப்போ தோட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் பழம் பறித்துப் பிழைக்கிறார்கள். ஈரத்துணியில் சுற்றிய நாலு கொத்து அவர்கள் பிழைப்பைக் கெடுக்கக்கூடும்.

அதற்கு அவசியமும் இல்லை. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் 'பங்களாதேஷ்' என்ற பெயரில் நடக்கும் சந்தைக்கு ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவை அழைத்துப் போங்கள். கறிவேப்பிலை, முருங்கைக்காய், சேப்பங்கிழங்கு, முளைக்கீரை எல்லாம் குவியலாக இருக்கும். என் வீட்டுக் கொல்லையிலும் ஒரு கறிவேப்பிலை மரம் கூரை உயரத்துக்கு நிற்கிறது. பிரசவச் சமையலுக்கு வேண்டிய மட்டும் பறித்துக்கொள்ளலாம். விக்டோரியா தெருச் சந்தையில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் தேடிப் பாருங்கள். நெய் எந்தப் பல்பொருள் அங்காடியிலும் உண்டு. பிரசவ மருந்தை வறுத்து இடித்துப் பொடியாக, மூடி ஒட்டிய பொட்டலத்தில், உள்ளே என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதி, அறிவித்துக் கொண்டுவரட்டும். பெயர் எழுதாத பழுப்புப் பொடியைப் பார்த்தால் எந்த அதிகாரிக்கும் ஐயம் வரத்தான் செய்யும்.

துபாய் வழி என்று முடிவானால், கசகசா ஒரு மணிகூடப் பெட்டியில் இருக்கக் கூடாது. நமக்கு அது குருமாவுக்கு அரைக்கும் பொருள். ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட போதைச் செடியின் விதை. வெற்றிலை பாக்கையும் அங்கே அனுமதிப்பதில்லை. பூசைக்கு என்று கொப்பரைத் தேங்காயும் வைக்க வேண்டாம். எண்ணெய்ச் சத்தால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால் இந்திய விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

தங்கக் காப்பு, புதுப் புடவை போன்ற அன்பளிப்புகளுக்கு, ஒருவருக்கு 5,000 ராண்ட் மதிப்பு வரை வரி இல்லை. அதற்கு மேல் அடுத்த 20,000 ராண்டுக்கு 20 விழுக்காடு என்று ஒரே விகிதத்தில் வரி கட்டிவிடலாம். காப்பு வாங்கிய ரசீது கையில் இருக்கட்டும்; இன்றைய தங்க விலையில் அரைப் பவுனே 5,000 ராண்டைத் தாண்டிவிடும், ஆகவே சிவப்பு வழியில் சென்று அறிவிப்பதே முறை. அம்மா அணிந்து வந்து அணிந்தே திரும்பும் தாலிச் சங்கிலி, வளையல்களுக்கு இங்கு வரி இல்லை. ஆனால் ஊரில் புறப்படும்போதே சுங்க மேசையில் ஏற்றுமதிச் சான்று வாங்கிவிட்டால், திரும்பிச் செல்லும்போது "இது வெளிநாட்டில் வாங்கியதா" என்ற கேள்வி எழாது.

காவிரிக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அடிஸ் அபாபா டிக்கெட்டைக் கைவிட்டுவிட்டேன். தங்கை மகனின் சான்றிதழில் பெயர் இருக்கிறது. ஆனால் தங்கையின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, திருத்தக் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவிடம் கறிவேப்பிலைக் கதையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த அம்மா வீட்டு மரத்திலேயே பறித்துக்கொள்கிறேன், நான் கேட்டதாகச் சொல்" என்றார்.

இன்னும் ஓர் ஐயம். பிரசவம் தள்ளிப்போனாலோ, அம்மாவுக்கு உடல்நலம் சரியில்லாமல் போனாலோ சில நாட்கள் கூடுதலாகத் தங்கினால் என்ன ஆகும்? அல்லது பக்கத்து நாடான எஸ்வாட்டினி (பழைய சுவாசிலாந்து) எல்லைக்குப் போய்த் திரும்பினால் நாட்கள் புதிதாகக் கிடைக்கும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்கிறார், அது சரியா?

பழையவன் எழுதியது:

அந்த எல்லை யோசனையை விட்டுவிடுங்கள், தம்பி. ஒருமுறை நுழையும் விசா என்றால் வெளியே போன உடனே அது முடிந்துவிடும். திரும்பி உள்ளே வர இயலாது. எஸ்வாட்டினிக்கும் இந்தியர்களுக்குத் தனி விசா வேண்டும்.

விசாவில் உள்ள தேதியைவிட, வந்திறங்கியதும் குடிவரவு அதிகாரி குத்தும் முத்திரையில் எழுதப்படும் தேதிதான் முக்கியம். மேசையை விட்டு நகரும் முன், அங்கேயே நின்று அதைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்ட நாட்களைவிடக் குறைவாக எழுதியிருந்தால் அப்போதே பணிவாகச் சொல்லித் திருத்திக்கொள்ளலாம், வெளியே வந்த பின் கடினம்.

இதை நான் பட்டு அறிந்தேன். என் மாமியார் திரும்ப வேண்டிய வாரத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்தார். அந்தப் பதற்றத்தில் யாரும் தேதியைப் பார்க்கவில்லை. ஒன்பது நாட்கள் கடந்து, சக்கர நாற்காலியில் விமான நிலையத்துக்குப் போனபோது, "விரும்பத்தகாதவர்" என்று அறிவிக்கும் தாளை அவர் கையில் கொடுத்தார்கள். இங்கே தண்டம் கட்டித் தீர்க்கும் முறை 2014 மே மாதத்தோடு போய்விட்டது. 30 நாட்களுக்குள் கூடுதலாகத் தங்கினால் 12 மாதம், 30 நாட்களைத் தாண்டினால் ஐந்து ஆண்டு மீண்டும் வர முடியாது. 72 வயதில் அந்தச் சொல்லைக் கேட்டு அவர் அழுதது இன்றும் என் காதில் இருக்கிறது. பத்து வேலை நாட்களுக்குள் உள்துறைக்கு முறையிடலாம் என்பதால், மருத்துவமனைக் கடிதம், சேர்க்கப்பட்ட நாள், அறுவை நடந்த நாள் எல்லாவற்றையும் இணைத்து அனுப்பி, பிறகு தடையை நீக்கச் செய்தோம்.

ஆகவே கூடுதல் நாட்கள் தேவைப்படும் என்று தோன்றினால், முடியும் நாளுக்கு 60 நாள் முன்பே டர்பன் வி.எஃப்.எஸ். மையத்தில் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. பெற்றோருக்கு 80 நாள்தான் என்றால், வந்த இருபதாவது நாளுக்குள் முடிவெடுத்தாக வேண்டும், அப்போது குழந்தையே பிறந்திருக்காது. அதனால் விசா கேட்கும்போதே 90 நாட்களுக்குக் கேளுங்கள்; டிக்கெட்டை 80ஆம் நாளுக்கு, தேதி மாற்றிக்கொள்ளக்கூடியதாக எடுங்கள். அந்தப் பத்து நாள் உங்களுக்கு இடைவெளியாக இருக்கும். எதிர்பாராமல் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், தேதி முடியும் முன்பே மருத்துவரின் கடிதத்தோடு உள்துறை அலுவலகத்துக்கு ஓடுங்கள். முடிந்த பின் போவதற்கும் முன் போவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பெற்றோர் இருவருக்கும் 90 நாள் முழுவதற்கும் பயணக் காப்பீடு எடுக்கும்போது, அம்மாவின் சர்க்கரை நோயை மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

சாட்ஸ்வொர்த்காரி எழுதியது:

அம்மாவிடம் சொல்லுங்கள், தம்பி: மரம் இந்த மழையில் நன்றாகத் துளிர்த்திருக்கிறது. வந்ததும் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்; காவடிக்கு எங்கள் வண்டியிலேயே எல்லோரையும் அழைத்துப் போகிறேன்.